தனிமனித உரிமையும் தன்னலமும்



“அவரவர் வாழ்வு அவரவர் விருப்பம்” என்னும் பேச்சு இன்று எங்கும் கேட்கிறது. இதனைத் தனிமனிதத்துவம் என்கிறார்கள். ‘இது மேனாட்டுச் சரக்கு, குடும்பத்தைக் குலைப்பது’ என்று நம்மில் பலர் இதை ஒதுக்கிவிடுகின்றனர். ஒதுக்குமுன் இதன் பொருளைச் சற்று ஆராய்வோம்.

இரு பொருள்கள்

பிரெஞ்சு அறிஞர் தொக்வில், அமெரிக்க ஜனநாயகத்தைப் பற்றிய தம் நூலின் 1840-ஆம் ஆண்டுப் பகுதியில் இச்சொல்லை விளக்குகிறார். ஒருவன் தன் வீடு, தன் நண்பர் என்ற சிறு வட்டத்தில் ஒதுங்கிக்கொண்டு, ஊரையும் சமூகத்தையும் கைவிடுவதே அவர் கண்ட தனிமனிதத்துவம். இது தீங்கு என்பதில் ஐயமில்லை.

அரசியல் சிந்தனையில் மற்றொரு பொருளும் உண்டு. உரிமை ஒவ்வோர் ஆளுக்கும் உரியது. குலத்தின் பேராலோ ஊரின் பேராலோ அதைப் பறிக்கலாகாது என்பதே அது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய டாக்டர் அம்பேத்கர், வரைவுச் சட்டம் கிராமத்தை விட்டுத் தனி மனிதனையே அடிப்படையாகக் கொண்டதை வரவேற்றார். ஊர்க் கட்டுப்பாடு என்ற பெயரால் வாயடைக்கப்பட்டவர்களின் துயரை அறிந்தவர் அவர்.

மார்க்கம் காட்டும் வழி

நம் ஃபிக்ஹு நூல்கள் கடமைகளை இரண்டாக வகுக்கின்றன. தொழுகை, நோன்பு போன்றவை ஃபர்ளு ஐன். தந்தை தொழுதால் மகனுடைய கடமை தீராது. ஜனாஸாத் தொழுகை போன்றவை ஃபர்ளு கிஃபாயா. சிலர் நிறைவேற்றினால் போதும். எவருமே நிறைவேற்றாவிடில் எல்லோரும் குற்றவாளிகள். ஆக, ஒவ்வோர் ஆளும் தனித்துப் பதில் சொல்ல வேண்டியவர். அதே வேளையில் சமூகத்தைக் கைவிட முடியாதவர்.

கடமை இவ்வாறெனில், உரிமை எப்படி? அதைச் சோதித்துப் பார்க்கும் இடம் வாரிசுப் பங்கீடு.

வயலில் ஒரு கணக்கு

வராக நதிப் பாசனத்தில் நெல் விளையும் நம் ஜெயமங்கலத்தையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் 160 சென்ட் நஞ்சையை விட்டு மவுத்தாகிறார். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் மட்டுமே வாரிசுகள் என்று வைத்துக்கொள்வோம். அடக்கச் செலவும் கடனும் வஸிய்யத்தும் தீர்ந்தபின் முழு நிலமும் மிஞ்சினால், மனைவிக்கு எட்டில் ஒன்று, 20 சென்ட். மீதி 140-இல் மகனுக்கு 70, மகள் ஒவ்வொருவருக்கும் 35. சூரத்துன் நிஸாவின் 11, 12-ஆம் வசனங்களில் அமைந்த விதி இது. பங்கு குடும்பத்துக்கு என்றில்லாமல், ஆள் ஆளுக்குப் பெயர் சொல்லித் தரப்பட்டிருப்பதைக் கவனியுங்கள்.

நாட்டுச் சட்டம் இதை ஏற்கச் சில காலம் பிடித்தது. 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் ஊர் வழக்கத்தை நீக்கி ஷரீஅத்தை நிலைநாட்டினாலும், விவசாய நிலத்தை விலக்கி வைத்தது. சென்னை மாகாணத்தில் 1949-ஆம் ஆண்டுத் திருத்தமே அந்த விலக்கை நீக்கியது. அன்று மதுரை மாவட்டத்திலிருந்த நம் பகுதி வயல்களுக்கும் இது பொருந்தியது.

ஆயினும் நடப்பதென்ன? “நகை போட்டோம், சீர் செய்தோம், இன்னும் என்ன பங்கு?” என்கிறோம். தந்தை உயிரோடிருக்கையில் தந்தது அன்பளிப்பு. அது வாரிசுப் பங்காகாது. “வயலைத் துண்டாடினால் குடும்பம் சிதறும்” என்று சொல்லி, சகோதரியிடம் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்குகிறோம். அவளோ, கேட்டால் பிறந்த வீடு அந்நியமாகிவிடுமே என்றஞ்சி மவுனமாகிறாள். அந்த மவுனம் மனமுவந்த சம்மதமாகுமா? தன் பங்கு இன்னதென்று அறிந்து, அது கைக்கு வந்தபின், எந்த நெருக்குதலுமின்றி அவள் விட்டுக்கொடுத்தால் அது அவளுடைய பெருந்தன்மை.

நம் விருப்பம் என்றால் ‘தனி மனிதன்’, அவள் பங்கு என்றால் ‘குடும்பம்’ என்று பேசுவது எந்த நியாயம்? தன் உரிமையை மட்டும் பேசுவது தன்னலம். வாய் திறக்காதவரின் உரிமையைத் தேடிக் கொண்டுபோய்க் கொடுப்பதே உண்மையான தனிமனித மதிப்பு. குடும்பம் சிதறாமல் காப்பதும் அதுவே.

உங்கள் வீட்டில் பிரிக்கப்படாத சொத்து இருக்கிறதா? ஆலிம் ஒருவரிடம் கணக்கைக் கேட்டு எழுதி, அதைச் சகோதரியின் கையில் கொடுங்கள். அதன்பின் அவள் பேசட்டும்.

பிறர் ஹக்கைப் பேணி நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.