உங்கள் வாழ்க்கையே சாட்சி: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

வாசலில் வசனப் பலகை, பைக்கில் சிலுவை ஸ்டிக்கர், ஸ்டேட்டஸில் தினம் ஒரு வாக்குத்தத்தம். இதையெல்லாம் ஊர் பார்க்கிறது. ஆனால் நீங்கள் எப்படிப்பட்ட கிறிஸ்தவர் என்பது உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கும், கடனுக்குச் சாமான் தரும் மளிகைக்கடை அண்ணாச்சிக்கும்தான் தெரியும். அவர்களிடம் பேர் கெட்டுப்போனால் அதற்குப் பிறகு எந்தப் பிரசங்கமும் எடுபடாது.

செய்ய வேண்டியவை

1. கூலியை அன்றன்றே கொடுங்கள். விடியும்வரை கையில் வைத்திருக்கக்கூடாது என்பது லேவியராகமம் 19:13 இடும் கட்டளை. அந்தப் பணத்தில்தான் உழைத்தவர் வீட்டில் அன்று உலை கொதிக்கும்.

2. ஏமாற்றி வாங்கியதைத் திருப்பிக் கொடுங்கள். வரி வசூலித்த சகேயு நான்கு மடங்கு தருவதாகச் சொன்னார் (லூக்கா 19:8). பணம் கைக்கு வந்தால்தான் உங்கள் மனந்திரும்புதலை ஊர் நம்பும்.

3. மனஸ்தாபத்தை ஞாயிறு ஆராதனைக்கு முன்பே தீர்த்துவிடுங்கள். காணிக்கையைக்கூட நிறுத்திவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொன்னார் இயேசு (மத்தேயு 5:23, 24).

4. துக்க வீட்டுக்கு, எந்த மதத்தவர் வீடானாலும், உடனே போங்கள். நாற்காலி எடுத்துப் போடுங்கள், ஃபிளாஸ்கில் காபி கொண்டுபோங்கள். அந்த நேரத்தில் அவர்களுக்குத் தேவை ஆள் துணை.

5. உங்கள் வேலையைச் சுத்தமாகச் செய்யுங்கள். டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய சிஎம்சி மருத்துவமனை. எல்லா மதத்தவரும் அங்கே வருவது வைத்தியத்தை நம்பி.

6. வீட்டிலும் அதே ஆளாக இருங்கள். சபையில் ‘பிரதர், சிஸ்டர்’ என்று குழையும் வாய் வீட்டில் மனைவியை அதட்டினால், முதலில் சபையை வெறுப்பது உங்கள் பிள்ளைகள்தான்.

செய்யக்கூடாதவை

1. வரதட்சணை வாங்காதீர்கள். ‘அவங்களா விரும்பிக் கொடுக்கிறாங்க’ என்று சமாளிக்காதீர்கள். 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் ஆலயத்தில் நடக்கும் கல்யாணத்துக்கும் பொருந்தும்.

2. சாதி பார்க்காதீர்கள். ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறவர்களுக்குச் சில ஊர்களில் இன்றும் தனித்தனிக் கல்லறை. இதைவிடப் பெரிய பொய்ச்சாட்சி வேறு இல்லை.

3. செய்த உதவியைப் படம் எடுத்துப் போடாதீர்கள். அரிசிப் பையோடு கேமராவைப் பார்த்து நிற்கும் தாய்க்கு அது அவமானம். மத்தேயு 6-ஆம் அதிகாரம் இந்த விளம்பரத்தைத்தான் கண்டிக்கிறது.

4. உதவிக்குக் கைமாறு கேட்காதீர்கள். ஆஸ்பத்திரி பில்லைக் கட்டிவிட்டு ‘ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வந்துடுங்க’ என்றால், உதவி கடனாகிவிடும்.

5. அடுத்தவர் சாமியை இகழாதீர்கள். உங்கள் நம்பிக்கையைப் பற்றிக் கேட்பவர்களுக்குக்கூடச் சாந்தமாகப் பதில் சொல்லச் சொல்கிறது 1 பேதுரு 3:15.

6. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்காதீர்கள். காலை 6 வரை சட்டமே அனுமதிப்பதில்லை. பரீட்சைக்குப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு உங்கள் ஜெபம் தொல்லையாகக் கூடாது.

செயலில் தெரியாத விசுவாசத்துக்கு உயிரில்லை என்று யாக்கோபு எச்சரித்தது சபைக்குள் இருப்பவர்களைத்தான். இந்தப் பட்டியலில் உங்களைக் குத்திய ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கூலி பாக்கியா, இன்று மாலைக்குள் கொடுத்துவிடுங்கள். பேச்சுவார்த்தை இல்லாத தம்பியா, இப்போதே போன் போடுங்கள்.