ஸ்லீப்பர் கேபுக்கு ஜெனரேட்டர்: காசைக் கரியாக்காமல் வாங்குவது எப்படி?

வட அமெரிக்காவில் டிரக் ஓட்டுகிறவருக்குப் பெரும்பாலும் மைல் கணக்கில்தான் சம்பளம். ராத்திரி தூக்கம் கெட்டால் மறுநாள் மைல் குறையும், மைல் குறைந்தால் செக் குறையும். அமெரிக்க விதிப்படி 11 மணி நேரம் ஓட்டியவர் 10 மணி நேரம் தொடர்ந்து ஓய்வெடுக்க வேண்டும். வாரக் கணக்கைப் புதிதாகத் தொடங்க (ரீசெட்) அங்கே 34 மணி நேரம் நிற்க வேண்டும். கனடாவில் குறைந்தது 36. அத்தனை நேரமும் ஸ்லீப்பர் கேப்தான் உங்கள் வீடு. ஏசி, மைக்ரோவேவ், ஃபிரிட்ஜ், லேப்டாப் எல்லாவற்றுக்கும் கரண்ட் வேண்டும்.

எஞ்சினை ஓடவிட்டாலே கரண்ட் வந்துவிடுமே என்பீர்கள். வரும். ஒரு பெரிய டிரக் எஞ்சின் சும்மா நின்று ஓட மணிக்குச் சுமார் 0.8 கேலன், அதாவது மூன்று லிட்டர் டீசல் குடிக்கும். பத்து மணி நேரத்துக்கு 30 லிட்டர். கலிபோர்னியாவில் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஐட்லிங் செய்தால் அபராதம் 300 டாலரில் தொடங்கும். டொரான்டோ நகர விதி இன்னும் கறார்: ஒரு மணி நேரத்தில் ஒரு நிமிடம். விலக்குகள் உண்டு. ஆனால் விலக்கை நம்பித் தொழில் நடத்த முடியாது.

அதனால்தான் பெரிய டிரக் ஓட்டுவதற்கான ஏஇசட் லைசென்ஸ் எடுத்த கையோடு பலரும் ஜெனரேட்டர் தேடுகிறார்கள். தேடுங்கள். பிராண்டுப் பெயரில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

1. டிரக் யார் பெயரில் இருக்கிறது?

கம்பெனி டிரக் ஓட்டுகிறீர்களா? அப்படியானால் உங்கள் பையிலிருந்து ஒரு டாலர்கூடப் போகக் கூடாது. வேலைக்குச் சேரும்போதே ரெக்ரூட்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: டிரக்கில் ஏபியூ (எஞ்சினை அணைத்த பிறகு கேபுக்குக் கரண்டும் ஏசியும் தரும் துணை யூனிட்) இருக்கிறதா, பங்க் ஹீட்டர் வேலை செய்கிறதா, ஐட்லிங் நேரத்தை வைத்து போனஸ் பிடிப்பீர்களா? மைலுக்கு இரண்டு சென்ட் அதிகம் தருகிற கம்பெனியைவிட, ஏபியூ பொருத்திய டிரக் தருகிற கம்பெனி பல சமயம் லாபம். இந்தக் கேள்விகளைக் கேட்கிற டிரைவரை ரெக்ரூட்டரும் தொழில் தெரிந்தவர் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

ஒன்டாரியோவில் ‘டிரைவர் இன்க்’ முறையில், சொந்தப் பெயரில் ஒரு கம்பெனி பதிந்து, அடுத்தவர் டிரக்கை ஓட்டுகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். செலவெல்லாம் உங்கள் தலையில், வண்டி அவர்கள் கையில். நாளைக்கு வேறு டிரக் கொடுத்தால் கழற்றி எடுத்துப் போகக்கூடிய பொருளில் மட்டும் பணம் போடுங்கள். லீஸ் டிரக் என்றால், கேபில் ஒரு துளை போடுவதற்கு முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள்.

சொந்த டிரக் வைத்திருக்கும் ஓனர்-ஆபரேட்டருக்குத்தான் இது நிஜமான கேள்வி. டீசல் ஏபியூ பொருத்த பத்தாயிரம் அமெரிக்க டாலரை ஒட்டி ஆகும். நல்ல சிறிய ஜெனரேட்டர் ஆயிரம் டாலரைக் கொஞ்சம் தாண்டும். ஐந்து வருடம் அதே டிரக்கை வைத்திருக்கப் போகிறீர்கள், வாரம் ஐந்து ராத்திரி வெளியே என்றால் ஏபியூவுக்குக் கணக்குப் போடுங்கள். இரண்டு வருடத்தில் டிரக்கை மாற்றுகிற ஆள் என்றால் மேலே படியுங்கள்.

2. வாட் கணக்கைக் காகிதத்தில் எழுதுங்கள்

கடைக்காரர் 4,000 வாட் காட்டுவார். உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். 5,000 பிடியூ சிறிய ஏசி ஓடும்போது 450 முதல் 500 வாட் எடுக்கும். ஆனால் கம்ப்ரஸர் கிளம்பும் கணத்தில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். மைக்ரோவேவில் 700 வாட் என்று எழுதியிருப்பது சமையல் சக்தி. சுவரிலிருந்து அது எடுப்பது ஆயிரத்துக்கு மேல். 12 வோல்ட் ஃபிரிட்ஜுக்கு 50, 60 வாட். தூக்கத்தில் மூச்சுக்கு உதவும் சிபேப் மெஷினுக்கும் அதே அளவுதான். லேப்டாப், போன் எல்லாம் சில்லறை.

கூட்டிப் பாருங்கள். ஏசியும் மைக்ரோவேவும் ஒரே நேரத்தில் ஓட வேண்டாம் என்று நீங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டால் 2,000 வாட் வகுப்பு போதும். பெட்டியில் பெரிதாக அச்சடித்த எண்ணை நம்பாதீர்கள், அது ஒரு கணத்துக்கு மட்டும் தாக்குப்பிடிக்கும் அளவு. ஹோண்டா இயூ2200ஐ மாடலின் பெயரில் 2,200 இருந்தாலும் அது தொடர்ந்து தருவது 1,800 வாட். எந்த பிராண்டிலும் இந்த இரண்டாவது எண்ணைத் தேடிப் பிடியுங்கள்.

உயரத்தையும் மறக்காதீர்கள். ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3.5 சதவீதம் சக்தி குறையும். ஐ-80 நெடுஞ்சாலையில் வயோமிங்கின் லாரமி ஊர் 7,200 அடியை ஒட்டி இருக்கிறது. அங்கே உங்கள் 1,800 வாட் 1,350 ஆகிவிடும். டொரான்டோவில் சுகமாக ஓடிய ஏசி அங்கே கிளம்ப மறுத்தால் மெஷின் மேல் பழி போடாதீர்கள்.

குளிருக்கு எலெக்ட்ரிக் ஹீட்டர் வேண்டவே வேண்டாம். 1,500 வாட் அதுவே விழுங்கிவிடும். வெபாஸ்டோ, எஸ்பார் மாதிரி டீசல் பங்க் ஹீட்டர் மணிக்குக் கால் லிட்டருக்குள் முடித்துவிடும். வின்னிபெக் பக்கம் மைனஸ் 30-இல் எஞ்சின் பிளாக் ஹீட்டருக்கு மட்டும் ஜெனரேட்டரைப் போடுங்கள். அதுவும் 1,500 வாட் வரை எடுக்கும், எனவே அந்த நேரத்தில் மைக்ரோவேவைத் தொடாதீர்கள்.

3. இன்வர்ட்டர் டைப் தவிர வேறு வேண்டாம்

கட்டட வேலைக்கு வைத்திருக்கும் திறந்த ஃபிரேம் ஜெனரேட்டர் மலிவு. அதன் இரைச்சலில் நீங்களும் தூங்க மாட்டீர்கள், பக்கத்து டிரக்காரரும் தூங்க மாட்டார். கரண்ட்டும் சுத்தமாக வராது. சிபேப், லேப்டாப் சார்ஜர் எல்லாம் ஒவ்வொன்றாகப் பழுதாகலாம். நல்ல இன்வர்ட்டர் ஜெனரேட்டர் குறைந்த லோடில் 50 டெசிபெலை ஒட்டிப் பேசும். எடை 20, 22 கிலோ, ஒரு கையில் தூக்கலாம்.

கடையில் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். லோடு குறைந்தால் எஞ்சின் வேகத்தைக் குறைக்கும் ஈக்கோ மோட் போட்டு, ஏசி போல ஒரு லோடைச் சட்டென்று கொடுங்கள். எஞ்சின் ஒரு கணம் தாழ்ந்து, திணறி, பிறகு வேகமெடுக்கும். அந்தத் திணறலில் விளக்கு மங்கினால், ஏசி ஓட்டும்போது ஈக்கோவை அணைத்துத்தான் வைக்க வேண்டியிருக்கும். அப்போது சத்தமும் பெட்ரோல் செலவும் விளம்பரத்தில் சொன்னதைவிடக் கூடும்.

டீசல் டிரக்குக்கு டீசல் ஜெனரேட்டர்தானே பொருத்தம் என்று சிலர் கேட்பார்கள். சிறிய டீசல் மெஷினே ஒரு ஆள் தூக்க முடியாத கனம், சத்தம் அதைவிட மோசம். விட்டுவிடுங்கள்.

4. புகை: இதில் மட்டும் சமரசம் இல்லை

கார்பன் மோனாக்சைடுக்கு (சிஓ) நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகை வாய் எதிர்த்திசையில் இருக்கும்படி வைக்க வேண்டும் என்பது அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவுரை. இப்போது டிரக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். கேபுக்குப் பின்னால் இருக்கும் கேட்வாக்கில் சங்கிலி போட்டு, ஜெனரேட்டரை ஓடவிட்டு, அதற்கு மூன்றடி தள்ளி இருக்கும் சுவருக்குள் தலையணை போட்டுப் படுக்கிறார்கள். ஒயர் நுழைய ஜன்னலில் ஒரு விரல் இடைவெளி வேறு.

கேட்வாக் சுமந்து போகும் இடம். ஓட்டும் இடம் அல்ல. ஓட்டும்போது இறக்கித் தரையில் வையுங்கள், காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள், 12 கேஜ் தடிமனுள்ள நீள ஒயர் போடுங்கள். ஒயரைக் கதவிடுக்கில் நசுக்காமல், கேபின் வெளிச்சுவரில் இருக்கும் ஷோர் பவர் பிளக்கில் மாட்டுங்கள். உங்கள் டிரக்கில் அந்த வசதி இல்லை என்றால் எலெக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்திக்கொள்ளுங்கள்.

அப்படியும் ஒரு சிக்கல் இருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்பில் இரண்டு டிரக்குக்கு நடுவே நீங்கள் நடந்து போகத்தான் இடம் இருக்கும். உங்கள் தலையிலிருந்து 20 அடி தள்ளி வைத்தால் அது இன்னொருவர் தலைமாட்டில் போய் நிற்கும். அவர் வந்து கதவைத் தட்டினால் நியாயம் அவர் பக்கம்தான்.

சிஓ அளவு ஏறினால் தானாக அணையும் சென்சார் உள்ள மாடலை மட்டும் வாங்குங்கள். கேபினுக்குள் பேட்டரியில் ஓடும் சிஓ அலாரம் தனியாக வேண்டும். ஜெனரேட்டரின் சென்சார் அதன் பக்கத்துக் காற்றைத்தான் பார்க்கும், உங்கள் படுக்கையை அல்ல.

5. தூங்கும்போது பேட்டரி, விழித்திருக்கும்போது ஜெனரேட்டர்

என் யோசனை இது. கெட்டிக்கார ஓனர்-ஆபரேட்டர்கள் சிலர் ஏற்கெனவே இப்படித்தான் செய்கிறார்கள். 2 கிலோவாட்-மணி அளவுள்ள லித்தியம் பவர் ஸ்டேஷன் ஒன்றைக் கேபினுக்குள் வையுங்கள். ஏசி தெர்மோஸ்டாட்டில் நின்று நின்று ஓடும்போது சராசரியாக 270 வாட் என்று வைத்தால், ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். சத்தம் இல்லை, புகை இல்லை, பக்கத்து ஆளிடம் சண்டை இல்லை. ஓட்டும் நாட்களில் ஆல்டர்நேட்டரிலிருந்தே சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம்.

அப்படியானால் ஜெனரேட்டர் எதற்கு? டிரக் நகராத நாட்களுக்கு. ரீசெட் போட்டு ஒன்றரை நாள் நிற்கும்போது, லோடு ரெடியாகாமல் ஷிப்பர் வாசலில் பகல் முழுக்கக் காயும்போது. சமைத்துச் சாப்பிட்டு வீட்டுக்குப் போன் பேசும் இரண்டு மணி நேரத்தில், திறந்த இடத்தில், 1,200 வாட்டில் ஓட்டினால் பேட்டரி நிரம்பிவிடும். பெட்ரோல் இரண்டு லிட்டருக்குள். செலவு கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் இரண்டையும் டிரக் மாறும்போது கையோடு எடுத்துப் போகலாம். பேட்டரி உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏறாது என்பதால் வெளிப்பெட்டியில் வைக்காதீர்கள்.

6. பராமரிப்பு, கேன், பேர்

ஆயில் முதலில் 20 மணி நேரத்தில், பிறகு 100 மணிக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். ராத்திரி முழுக்க ஓட்டுகிறவருக்கு 100 மணி நேரம் என்பது பத்தே ராத்திரி. தினம் இரண்டு மணி நேரம் ஓட்டினால் ஐம்பது நாள். மெஷினின் ஆயுளும் அதே கணக்கில் நீளும். சரிவில் நிறுத்தினால் ஆயில் குறைவு என்று நினைத்து அணைந்துபோகும், சமதளம் பாருங்கள்.

டிரக்குகளுக்கான டீசல் லேனில் பெட்ரோல் கிடைக்காது. கேனைத் தூக்கிக்கொண்டு கார் பக்கம் நடக்க வேண்டும். ஐந்து லிட்டர் கேன் ஒன்று போதும். அங்கீகரிக்கப்பட்ட கேனாக, கேபினுக்கு வெளியே, கட்டி வைத்ததாக இருக்கட்டும். ஆட்டம் காணும் ஜெனரேட்டரும் கசியும் கேனும் ரோட்டோர இன்ஸ்பெக்‌ஷனில் முதலில் கண்ணில் படும். எரியக்கூடிய ஹஸ்மத் (அபாயப் பொருள்) லோடு ஏற்றியிருந்தால், சுத்திகரிப்பு ஆலை வளாகத்தில் நின்றால், ஜெனரேட்டரைத் தொடவே வேண்டாம்.

ஷிப்பர் யார்டில் கேட்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். கதவில் கம்பெனிப் பெயரும் டிஓடி நம்பரும் எழுதியிருக்கிறது. புகார் உங்கள் பெயரில்தான் போகும். அடுத்த லோடு தருவதா வேண்டாமா என்று யோசிக்கும் டிஸ்பாட்சர் அதை மறக்க மாட்டார்.

7. பழையது வாங்குவதானால்

சந்தையில் நிறைய கிடைக்கும், பாதி விலைக்குக்கூட. போகும்போது 1,500 வாட் ரூம் ஹீட்டர் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். ரசீது கேளுங்கள், சீரியல் நம்பரைப் பொருத்திப் பாருங்கள், திருட்டு மெஷின் சகஜம். ஸ்டார்ட் செய்து ஹீட்டரை மாட்டி இருபது நிமிடம் ஓடவிடுங்கள். சத்தம் ஏறி இறங்கினால் கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசின் பிடித்திருக்கிறது. சுத்தம் செய்யும் கூலியை விலையில் குறைக்கலாம். நீலப் புகை வந்தால் வேண்டாம். “இவ்வளவு நேரம் எதுக்கு, இதோ ஓடுதே” என்று விற்பவர் அவசரப்படுத்தினால், ஹீட்டரைக் கழற்றிக்கொண்டு கிளம்புங்கள்.