வாடிய பூவைக் கிள்ளுங்கள், செடி மறுபடி பூக்கும்!

என்னிடம் மருந்து வாங்க வரும் ஒரு அம்மா, ஒரு நாள் ரோஜாக் கிளை ஒன்றைக் கையோடு கொண்டுவந்தார். "தொட்டியில வாங்கினப்போ எட்டுப் பூ இருந்தது. இப்போ ஒண்ணுகூட இல்லை. சத்துக் குறைச்சலா, ஐயா?" என்றார். பார்த்தால், கிளை முழுக்க வாடிய பூக்கள். அவற்றின் அடியில் பச்சைக் காய்கள்.

"சத்து குறையலைம்மா, அது போற இடம்தான் மாறிப்போச்சு" என்றேன்.

செடி பூப்பது நம் பூஜைக்காக அல்ல, விதைக்காக. பூ வாடியதும் அடியில் காய் பிடிக்கிறது. செடியின் உணவு அந்தக் காய்க்குப் போகிறது. விதை முற்றிவிட்டால் பல செடிகள் 'வேலை முடிந்தது' என்று பூப்பதையே குறைத்துக்கொள்ளும். காய் பிடிக்குமுன் வாடிய பூவை எடுத்துவிட்டால், மறுபடி துளிர்த்து மொட்டு விடும்.

இதழை மட்டும் உதிர்த்தால் போதாது. காய் பிடிக்கும் அடிப்பாகமும் போகவேண்டும். ரோஜாவில் வாடிய பூவுக்குக் கீழே பார்த்துக்கொண்டே வாருங்கள். ஐந்து சிற்றிலைகள் கொண்ட முதல் இலைக்குக் கால் அங்குலம் மேலே, சுத்தமான கத்தரியால் சாய்வாக வெட்டுங்கள். சில வாரங்களில் புதுக்கிளையில் மொட்டு தெரியும். துலுக்கச் சாமந்தியைப் பச்சைக் கிண்ணத்தோடு சேர்த்துக் கிள்ளினாலே போதும். சங்குபுஷ்பத்தில் காய்களைப் பிஞ்சிலேயே பறித்துவிடுங்கள். அதன் விதை பேதியாகும். குழந்தைகள் வாயில் போட்டுவிடக் கூடாது. துளசியில் பூக்கதிர் வந்தவுடன் கிள்ளினால் இலை தழைக்கும்.

எல்லாச் செடிக்கும் இது தேவையில்லை. செம்பருத்தியும் நித்தியகல்யாணியும் வாடிய பூவைத் தாமே உதிர்த்துவிடும். மல்லிகையை நாம் மொட்டாகவே பறித்துவிடுகிறோமே! அடுத்த வருஷத்துக்குச் சாமந்தி விதை வேண்டுமென்றால், கடைசியாகப் பூப்பதில் நாலைந்தை விட்டுவையுங்கள்.

கடைசியாக ஒரு முக்கியமான விஷயம். சர்க்கரை நோய் உள்ள பெரியவர் ஒருவர், வெறும் கையால் ரோஜாவைக் கிள்ளும்போது முள் குத்தியது. "சின்ன முள்ளுதானே" என்று மஞ்சளைப் பூசிவிட்டு, பத்து நாள் கழித்து வந்தார். விரல் வீங்கிச் சீழ் கோத்திருந்தது. நான் மருந்து எதுவும் கொடுக்காமல் உடனே அறுவை சிகிச்சை நிபுணரிடம் அனுப்பினேன். விரல் தப்பியது. இன்னும் நாலு நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

ஆகவே கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முள் குத்தினால் அதை எடுத்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தடுப்பூசி போட்டுப் பல வருஷமாகியிருந்தால், டாக்டரிடம் டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள். சிவப்பு, வீக்கம், வலி கூடினாலோ, சில வாரம் கழித்துக் குத்திய இடத்தில் ஆறாத கட்டி வந்தாலோ, கைவைத்தியம் பார்க்காதீர்கள். அரளியைத் தொட்டால் கையைக் கழுவாமல் சாப்பிடவே கூடாது. அது முழுக்க விஷம்.

காலையில் பத்து நிமிஷம் போதும். செடியும் பூக்கும், மனசும் லேசாகும்.