நோயுற்ற பூனைக்கு ஓர் அறிவிப்பு: ஏழாம் வகுப்பு எழுத்துப் பயிற்சி

அறிவிப்பு எழுதுதல் சின்னப் பயிற்சிதான். ‘காணவில்லை’, ‘விற்பனைக்கு’, ‘ஆண்டு விழாவிற்கு வாரீர்’ என்று மாதிரி கொடுத்தால் பிள்ளைகள் பெயரையும் தேதியையும் மாற்றி எழுதித் தந்துவிடுவார்கள். மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால், இதைப் படிக்கப்போகிறவர் யார், படித்துவிட்டு என்ன செய்வார் என்ற நினைப்பு அவர்களுக்கு வருவதில்லை. உண்மையிலேயே படிக்க ஒருவர் இருந்தால் எழுத்து எப்படி மாறும் என்று பார்க்க விரும்பினேன். அதற்காக இந்த ஆண்டு ஒரு பூனைக்கு வீடு தேடி அறிவிப்பு எழுத வைத்தேன். நான்கு பாடவேளைகள் ஆயின.

ஏன் பூனை?

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதியில் எங்கள் பள்ளி இருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டைக்குக் கார் தொழிற்சாலை வந்தது. அடுத்தடுத்து சிப்காட் வளாகங்கள் பெருகின. ஊரெங்கும் வாடகைக் குடியிருப்புகள் எழுந்தன. ஒப்பந்த வேலை முடிந்தால் குடும்பங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போகின்றன. வளர்த்த பூனை சில நேரம் வாசலிலேயே நின்றுவிடுகிறது. பசி தாகத்தில் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பலருக்கு இது தெரியாது. எல்லா உயிர்களிடத்தும் பரிவு காட்டுவது 1976 முதல் அரசியலமைப்பின் அடிப்படைக் கடமைகளில் ஒன்று. இதைச் சமூக அறிவியல் பாடத்தில் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

நான் தேர்ந்தெடுத்தது ஒரகடம் சாலையோரத்தில் மீட்கப்பட்டு ஒரு காப்பகத்தில் இருந்த பூனை. வயது ஏறத்தாழ இரண்டு. கறுப்பு, ஆரஞ்சு, வெள்ளை என மூன்று நிறம். கண்ணில் நீர் வடியும், அடிக்கடி தும்மும். ஆள் வந்தால் மூலையில் ஒண்டிக்கொள்ளும். சனிக்கிழமை நான் நேரில் போய்ப் பார்த்து, படங்களையும் மருத்துவக் குறிப்பையும் வாங்கி வந்தேன். பிள்ளைகளை அழைத்துச் செல்லவில்லை.

முதல் பாடவேளை: தகவல் திரட்டுதல்

அறிவியல் ஆசிரியரும் வகுப்பில் வந்து அமர்ந்தார். “நமக்கு ஒட்டுமா டீச்சர்?” என்பதே முதல் கேள்வி. அதிலிருந்தே தொடங்கினோம். கரும்பலகையில் சேர்ந்தவை இவை:

• இது பூனைகளுக்கு வரும் சளிக்காய்ச்சல். பெரும்பாலும் ஹெர்பிஸ், கலிசி என்ற இரு வைரஸ்களால் வருகிறது. பூனைக்கு வரும் இந்த வகைகள் பூனைக்குப் பூனை எளிதில் பரவும்; மனிதருக்குத் தொற்றாது.

• கால்நடை மருத்துவர் தரும் கண் சொட்டு மருந்தும், கூடவே பாக்டீரியா தொற்று இருந்தால் அதற்கான மருந்தும் நல்ல பலன் தரும். ஆனால் ஹெர்பிஸ் வைரஸ் உடலில் ஒளிந்திருக்கும். வீடு மாறுவது போன்ற பதற்றம் வந்தால் சில நாள் தும்மல் திரும்பலாம்.

• மூக்கடைத்தால் பூனைக்கு வாசனை தெரியாது. வாசனை தெரியாவிட்டால் சாப்பிடாது. உணவை லேசாகச் சூடுபடுத்தி வைக்க வேண்டும்.

• நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. ஒரே மாத்திரைகூட உயிரைப் பறிக்கலாம். அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் உடலுக்கு மிகக் குறைவு.

• வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்கு ஆகும். தண்ணீர்தான் தேவை.

ஒரு மாணவன் பூனையை ‘அவன்’ என்றான். மூவண்ணப் பூனை ஏறக்குறைய எப்போதும் பெண்ணாகவே இருக்கும் என்றார் அறிவியல் ஆசிரியர். ஆரஞ்சு நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஒரே பூனையில் ஆரஞ்சும் கறுப்பும் சேர்ந்து வர இரண்டு எக்ஸ் வேண்டும். அன்று முதல் வகுப்பில் அது ‘அவள்’ ஆயிற்று.

கூச்சத்துக்கும் தகவல் தேடினோம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் 10 பூனைகளுக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தார்கள்; 9 பூனைகளுக்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்தவற்றுக்கு முதல் சில நாட்களிலேயே பதற்றம் குறைந்தது. “மத்த ஒன்பதுக்கு ஏன் கொடுக்கல?” என்று ஒரு மாணவி கோபமாகக் கேட்டாள். ஒப்பிட்டுப் பார்ப்பது ஏன் அவசியம் என்பதை அந்தக் கோபத்திலிருந்தே விளக்க முடிந்தது. அட்டைப்பெட்டிக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. மறுநாளே மூன்று வந்து சேர்ந்தன.

இரண்டாம் பாடவேளை: முதல் வரைவு

குழுவாக எழுதியவை மூன்று வகையாக இருந்தன. “அழகான மூவண்ணப் பூனை! இலவசம்! முந்துங்கள்!” என்றது ஒன்று. அதில் நோயைப் பற்றி ஒரு சொல் இல்லை. “ஐயோ பாவம், நோயாளிப் பூனை, யாருமற்ற அநாதை” என்று அழுதது இன்னொன்று. “குழந்தைகளுடன் நன்றாக விளையாடும்” என்றது மூன்றாவது. அவள் யாருடனும் விளையாடி எவரும் பார்த்ததில்லை.

எதையும் தவறென்று அடிக்கவில்லை. “இதை நம்பி ஒருவர் வாங்கிப் போனால் அடுத்த வாரம் என்ன நடக்கும்?” என்று மட்டும் கேட்டேன். கடைசி வரிசையிலிருந்து பதில் வந்தது: “தும்மினதும் பயந்துடுவாங்க. வீட்ல இன்னொரு பூனை இருந்தா அதுக்கும் வந்துடும். திருப்பி ரோட்டுலயே விட்டுடுவாங்க டீச்சர்.” எழுத்தில் உண்மை ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

மூன்றாம் பாடவேளை: திருத்துதல்

திருத்துவதற்கு மூன்று கேள்விகள் கொடுத்தேன்.

1. படிப்பவர் முடிவெடுக்கத் தேவையான எது விடுபட்டிருக்கிறது?
2. நாம் பார்க்காத, உறுதியாகத் தெரியாத எதையாவது எழுதியிருக்கிறோமா?
3. நோயைப் பற்றிய வரிகளை மறைத்துவிட்டுப் படித்தால் அவளைப் பற்றி ஏதாவது மிஞ்சுகிறதா?

மூன்றாவது கேள்விதான் வகுப்பை நீண்ட நேரம் யோசிக்க வைத்தது. படங்களை மீண்டும் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு படத்தில் அவள் பெட்டிக்குள்ளிருந்து முன்காலை மட்டும் வெளியே நீட்டியிருந்தாள். வகுப்பு ஏற்றுக்கொண்ட இறுதி வடிவம் இது:

“இரண்டு வயதுப் பெண் பூனைக்கு வீடு தேவை. மூன்று நிறம். பெட்டிக்குள் இருந்துகொண்டு ஒரு காலை வெளியே நீட்டிப் படுப்பாள். சளிக்காய்ச்சலுக்குச் சிகிச்சை நடக்கிறது. மருந்தில் குறைந்து வருகிறது, பின்னர் திரும்பவும் வரலாம். மனிதருக்கு ஒட்டாது, பிற பூனைகளுக்கு ஒட்டும். ஆளைக் கண்டால் ஒளிவாள். தூக்க முயலாமல் சில வாரம் பொறுத்திருப்பவர் வேண்டும். வீடு மாறினாலும் உடன் அழைத்துச் செல்பவர் வேண்டும்.”

கடைசி வரியை எழுதியவள் நான்கு ஆண்டுகளில் மூன்று பள்ளி மாறி வந்தவள்.

நான்காம் பாடவேளை: பல மொழிகளில்

எங்கள் வகுப்பில் ஒடிசா, பீகார், ஆந்திரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அறிவிப்பை அவரவர் மொழியில் சொல்லச் சொன்னேன். பூனைக்கு இந்தியிலும் தெலுங்கிலும் உள்ள சொற்கள் ஒலிப்பில் சற்றே வேறுபடும். தமிழில் எழுதினால் இரண்டும் ‘பில்லி’தான். இதைக் கண்டுபிடித்தது வகுப்பில் அதிகம் பேசாத ஒரு சிறுவன். அன்று அவனே கரும்பலகையில் எழுதிக் காட்டினான்.

பிறகு நடந்தது

காப்பகத்தின் ஒப்புதலோடு அறிவிப்பைப் பெற்றோர் குழுவில் பகிர்ந்தோம். மூவர் விசாரித்தார்கள். ஒருவர் வீட்டில் ஏற்கெனவே பூனை இருப்பதால் விலகிக்கொண்டார். இன்னொருவர் ஆறு மாதத்தில் ஊர் திரும்புவதாகச் சொல்லி விலகினார். பிள்ளைகள் சோர்ந்துபோனார்கள். “அந்த இருவரும் உங்கள் அறிவிப்பை முழுதாகப் படித்திருக்கிறார்கள்” என்றேன். மூன்றாமவர் வாரம் ஒருமுறை போய்ச் சற்றுத் தள்ளி உட்கார்ந்துவிட்டு வருகிறார். பூனை இன்னும் காப்பகத்தில்தான் இருக்கிறது. திங்கள்தோறும் வகுப்பின் முதல் கேள்வி அவளைப் பற்றியதுதான்.

இப்பயிற்சியைச் செய்ய விரும்புவோர்க்கு

மாணவர்கள் தெருப் பூனையையோ நாயையோ தொடவோ தூக்கவோ கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பூனை மூலமும் வெறிநோய் பரவும். கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தை ஓடும் நீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி, தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தத்தெடுப்பதை முடிவு செய்வது பெரியவர்கள். பிள்ளைகளை வைத்து வற்புறுத்த வேண்டாம். பூனை கிடைக்காவிட்டால், நட்டுப் பராமரிக்க ஆள் தேவைப்படும் மரக்கன்றைக் கொண்டும் இதே பயிற்சியைச் செய்யலாம்.

இதில் எனக்கும் ஒரு பயன் கிடைத்தது. பருவ இறுதியில் மாணவர் பற்றிய குறிப்பு எழுதும்போது ‘கூச்ச சுபாவம்’, ‘பேசுவதில்லை’ என்ற சொற்கள் கைக்குப் பழகியவை. இப்போது அந்த மூன்றாம் கேள்வியை அங்கும் கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சிறுவனின் குறிப்பில் இம்முறை எழுதியது: “இரு மொழிச் சொற்களை ஒப்பிட்டுச் சொல்கிறான். சிறு குழுவில் பேசுகிறான். பெரிய வகுப்பில் பேசச் சற்று நேரம் கொடுக்க வேண்டும்.”