பூந்திக்கொட்டை இருக்கிறதே!

கேள்வி: சலவைப் பவுடருக்கே மாதாமாதம் கணிசமாகப் போகிறது. வீட்டிலேயே ஏதாவது தயாரித்துக்கொள்ள முடியுமா? (வாசகி, பாளையங்கோட்டை)

தாராளமாக. உங்கள் குழாயில் உப்பில்லாத தாமிரபரணித் தண்ணீர் வருகிறதென்றால் பாதி வேலை முடிந்தது. நாட்டு மருந்துக் கடையில் பூந்திக்கொட்டை வாங்கி, விதையை நீக்கி, 100 கிராம் தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறப்போடுங்கள். காலையில் 20 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் பிசைந்து வடிகட்டுங்கள். ஒரு வாளித் துணிக்கு ஒரு டம்ளர். நுரை குறைவாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து இன்னும் ஊற்றாதீர்கள். வெளியே வைத்தால் சில நாளில் புளித்துவிடும், ஃபிரிட்ஜில் வையுங்கள். ரசம் என்று யாரும் எடுத்துவிடாமல் ஒரு சீட்டு ஒட்டுவது நல்லது!

போர் தண்ணீர் உப்பாக இருந்தால், முதலில் வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரையுங்கள். ஆப்பச் சோடா இல்லை, கடைக்காரரிடம் தெளிவாகக் கேளுங்கள். தண்ணீரின் கடினத்தன்மையை அது முறித்துவிடும். பட்டுக்குச் சோடா ஆகவே ஆகாது, பூந்திக்கொட்டைச் சாறு மட்டும் போதும். வெள்ளை வேட்டிக்கும் சட்டைக் காலருக்கும் மட்டும் பழைய பார் சோப்பே இருக்கட்டும். இந்தச் சாறு நாளடைவில் வெள்ளையைப் பழுப்பாக்கும்.