அவர் பெயருக்கு ஒரு கடிதம்: இளம்பெண்களை வாக்களிக்க அழைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

1951-52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எடுக்கப் போனபோது, வட மாநிலங்களில் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. ‘இன்னார் மனைவி’, ‘இன்னார் அம்மா’ என்றே சொன்னார்கள். சொந்தப் பெயர் இல்லாத பதிவுகளைத் தேர்தல் ஆணையம் ஏற்காததால், ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள்.

இன்று பெயர் பட்டியலில் இருக்கிறது. ஆனால் ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் வாசலில் நின்று, “வீட்ல எத்தனை ஓட்டு?” என்று அப்பாவிடம் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பத்தொன்பது வயதுப் பெண்ணை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அந்தக் குறையை ஒரு கடிதம் தீர்க்கும். அதை நீங்களே எழுதலாம்.

படி 1: யாருக்கு எழுதுவது?

முதல் முறை வாக்களிக்கப் போகும் கல்லூரி மாணவிகள், கல்யாணமாகி ஊர் மாறியவர்கள், மில் விடுதியில் தங்கி வேலை பார்ப்பவர்கள் என ஏதாவது ஒரு குழுவைத் தேர்ந்தெடுங்கள்.

முகவரிகளை நீங்களாகத் திரட்ட வேண்டாம். இளம்பெண்களின் முகவரி தவறான கைக்குப் போகக் கூடாது. கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் வழியாகவோ, மகளிர் சுயஉதவிக் குழு வழியாகவோ வெற்று அஞ்சலட்டைகளைக் கொடுங்கள். விருப்பமுள்ளவர்கள் தங்கள் பெயரையும் முகவரியையும் தாங்களே எழுதித் தரட்டும். மறுபக்கத்தை நீங்கள் எழுதி அனுப்புங்கள். நாங்கள் அப்படிக் கொடுத்தபோது ஒரு மாணவி பேனாவை நிறுத்திவிட்டு, “அப்பா பேருக்குப் போடணுமா?” என்று கேட்டாள். “வேண்டாம்மா, உங்க பேருக்குத்தான்” என்றோம்.

படி 2: எப்போது எழுதுவது?

இரண்டு தவணையாக எழுதுங்கள்.

முதல் கடிதம், பெயர் சேர்ப்பதற்கு. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய நான்கு நாள்களில் எதில் 18 வயது நிறைந்திருந்தாலும் பெயர் சேர்க்கலாம். 17 வயதிலேயே முன்கூட்டி விண்ணப்பிக்கவும் முடியும். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றப் படிவம் 8. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் யாரையும் சேர்க்க மாட்டார்கள். அதனால் சில மாதங்களுக்கு முன்பே இந்தக் கடிதம் போய்ச் சேர வேண்டும்.

இரண்டாம் கடிதம், வாக்குப்பதிவுக்கு. ஒரு வாரம் முன்பு கையில் கிடைக்கும்படி அனுப்புங்கள்.

படி 3: எதில் எழுதுவது?

50 காசு அஞ்சலட்டை போதும். அது திறந்த கடிதம். தபால்காரர் முதல் பாட்டி வரை யார் வேண்டுமானாலும் படிப்பார்கள். அதுவும் நல்லதே. மகளுக்குத் தனியாக ஓட்டு உண்டு என்பதை வீடே படிக்கட்டும். அச்சடிக்க வேண்டாம், கையால் எழுதுங்கள். ஒரே நாளில் ஐம்பது எழுதினால் கை சோர்ந்து, எழுத்தும் கடமைக்கு எழுதியதாகிவிடும். ஒரு அமர்வுக்குப் பத்துப் போதும்.

படி 4: என்ன எழுதுவது?

பெயர் சொல்லித் தொடங்குங்கள். ‘நீ’ வேண்டாம், வயதில் சிறியவர் என்றாலும் அவர் வாக்காளர். உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரே ஒரு காரணம் சொல்லுங்கள். கடைசியில் ஒரு கேள்வி கேளுங்கள். இரண்டாம் கடிதத்துக்கு ஒரு மாதிரி:

“அன்புள்ள மலர்விழி, வணக்கம். நான் தையல் வேலை செய்கிறேன். எங்கள் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு மூன்று முறை மனு கொடுத்தேன். நானும் ஓட்டுப் போட்டவள் என்ற தைரியத்தில்தான் ஒவ்வொரு முறையும் போய் நின்றேன். இது உங்கள் முதல் ஓட்டு. உங்கள் வாக்குச்சாவடி எது என்று இன்றே பார்த்து வையுங்கள். வாக்குப்பதிவு அன்றைக்கு எத்தனை மணிக்குப் போவீர்கள்? யாரோடு போவீர்கள்?”

அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். 2008இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டேவிட் நிக்கர்சன், டாட் ரோஜர்ஸ் என்ற ஆய்வாளர்கள் வாக்காளர்களிடம் தொலைபேசியில், எத்தனை மணிக்கு, எங்கிருந்து கிளம்புவீர்கள் என்று கேட்க ஏற்பாடு செய்தார்கள். அப்படிக் கேட்கப்பட்டவர்கள் கூடுதலாக வாக்களித்தார்கள். நேரம் குறித்துக்கொண்ட வேலை தள்ளிப்போவதில்லை.

படி 5: என்ன எழுதக் கூடாது?

• கட்சி, சின்னம், வேட்பாளர் பற்றி ஒரு சொல்கூட வேண்டாம்.
• பரிசு தருவதாகவோ, வண்டி ஏற்பாடு செய்வதாகவோ எழுத வேண்டாம்.
• ‘ஓட்டுப் போடாதவர்கள் பொறுப்பற்றவர்கள்’ என்று கடிந்துகொள்ள வேண்டாம்.
• யாருக்குப் போடுவீர்கள் என்று கேட்க வேண்டாம். அது அவருடைய ரகசியம். வீட்டாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

படி 6: உதவிக் குறிப்பு

கடிதத்தின் அடியில் இந்த மூன்றையும் சேருங்கள்.

• சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.
• பட்டியலில் பெயர் இருந்து வாக்காளர் அட்டை கையில் இல்லாவிட்டால், ஆதார், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் போன்ற ஆவணத்தைக் காட்டி வாக்களிக்கலாம்.
• வாக்குப்பதிவு நாளில் வேலை செய்பவர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மில் விடுதிப் பெண்ணுக்கு இந்த ஒரு வரி பெரிய பலம்.

பெட்டியில் போடும் முன்

பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். வாக்குச்சாவடிக்குள் போனதும் முதல் அலுவலர் பட்டியலைப் பார்த்து வாக்காளரின் பெயரைச் சத்தமாக வாசிப்பார். அங்கே யார் மனைவி, யார் மகள் என்பதற்கெல்லாம் அப்பால், அவர் தன் பெயரைக் கேட்டு விரலை நீட்டுவார். அந்தப் பெயரைச் சில நாள் முன்பே அஞ்சலட்டையில் எழுதி அழைத்தவர் நீங்களாக இருங்கள்.