குழாயில் நீர் மெலிவது ஏன்?

மேல்நிலைத் தொட்டி நிறைந்திருக்கிறது. வால்வும் திறந்திருக்கிறது. ஆயினும் வீட்டுக் குழாயில் நீர் நூலிழைபோல் ஒழுகுகிறது. இந்நிலையில் பஞ்சாயத்தார் இன்னும் பெரியதொரு தொட்டி வேண்டுமென்று தீர்மானம் போடுகின்றனர்; வீட்டுக்காரரோ குழாயில் மோட்டாரை மாட்டிவிடுகிறார். நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பதை இவ்விரண்டும் ஒக்கும். பல இடங்களில் நோய் தொட்டியில் இல்லை, குழாயில் இருக்கிறது.

சென்னைக்குத் தெற்கே, நின்னக்கரை, பேரமனூர் முதலிய சிற்றூர்களை உள்ளடக்கித் திட்டமிட்டு எழுப்பப்பட்ட புதுநகரம் மறைமலை நகர். 1980-களில் வளரத் தொடங்கிய அவ்வூர் இன்று நகராட்சியாக விளங்குகிறது. அந்நாளில் கட்டப்பெற்ற வீடுகள் பலவற்றில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்களையே, அதாவது ஜி.ஐ. குழாய்களையே, பதிப்பது வழக்கம். அவற்றுள் இன்றும் மாற்றப்படாதவை ஏறத்தாழ நாற்பது ஆண்டு உழைத்தவை. காட்டாங்கொளத்தூர் ஒன்றியத்துக் கிராமங்களிலும் தாம்பரம் வரையுள்ள பழைய குடியிருப்புகளிலும் இத்தகைய குழாய்கள் உண்டு.

குழாய்க்குள் நிகழ்வது என்ன?

துத்தநாகப் பூச்சு தேய்ந்தபின், நீரும் அதில் கரைந்துள்ள பிராண வாயுவும் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. துருவானது இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பது. எனவே அது குழாயின் உட்புறத்தில் முண்டு முண்டாகத் திரண்டு வளர்கிறது. கடின நீராயின் சுண்ணாம்பும் படிகிறது.

அரை அங்குலக் குழாயின் உள்வாய் சுமார் 15 மில்லிமீட்டர். சுற்றிலும் 4 மில்லிமீட்டர் துரு படிந்தால் வாய் பாதியாகிறது. அப்போது நீரும் பாதியாகும் என்று எண்ணுதல் தவறு. குழாய் நெடுகிலும் அவ்வாறு படிந்திருப்பின், அதே அழுத்தத்தில் வரும் நீர் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நிமிடத்துக்கு 12 லிட்டர் தந்த குழாய் 2 லிட்டரே தரும்.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 2019-ஆம் ஆண்டு தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம், கிராமத்தில் ஆளொன்றுக்கு நாள்தோறும் 55 லிட்டர் நீரைக் குறிக்கோளாகக் கொண்டது. ஐவர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர் வேண்டும். நல்ல குழாயில் இது 23 நிமிடத்தில் நிரம்பும். துருவேறிய குழாயில் இரண்டேகால் மணி நேரத்துக்கு மேலாகும். நீர் ஒரு மணி நேரமே விடப்படும் தெருவில் அவ்வீட்டாருக்கு 120 லிட்டர்தான் கிட்டும். தொட்டி நிறைந்திருந்தும் அவர்கள் தவிப்பது இதனால்தான்.

சோதிக்கும் முறை

1. அண்டை வீடுகளில் விசாரியுங்கள். தெரு முழுதும் நீர் மெலிந்திருந்தால் பஞ்சாயத்துக் குழாயை ஆராய வேண்டும். ஒரு வீட்டில் மட்டும் மெலிந்திருந்தால் குறை அவ்வீட்டிலேயே உள்ளது.

2. அளவு தெரிந்த வாளியை வைத்து, அது நிரம்பும் நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். தெரு இணைப்பின் அருகிலும் வீட்டின் கடைசிக் குழாயிலும் அளந்து ஒப்பிடுங்கள்.

3. மாடித் தொட்டியிலிருந்து நீர் வரும் வீடாயின், கொத்தனார் மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூபைக் குழாய் வாயில் இறுகக் கட்டி, மறுமுனையைத் தொட்டிக்கு மேல் தூக்கிப் பிடித்துக் குழாயைத் திறவுங்கள். மற்றக் குழாய்கள் மூடியிருக்கையில் டியூபில் நீர் தொட்டியின் மட்டம் வரை ஏறும். அதே வரிசையில் வேறொரு குழாயைத் திறந்ததும் மட்டம் வெகுவாக இறங்கினால், வழியில் அடைப்பு உண்டென்று அறியலாம்.

குழாயை வெட்டுமுன் வால்வு, வடிகட்டி ஆகியவற்றைக் கழற்றித் துப்புரவு செய்து பாருங்கள். சிறு செலவில் தீர்வதற்குப் பெருஞ்செலவு செய்ய வேண்டுவதில்லை.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

தொட்டியிலிருந்து இறங்கும் தாய்க்குழாய் ஓர் அங்குலமும், கிளைக்குழாய் முக்கால் அங்குலமுமாக இருப்பது நலம். வளைவுகளைக் குறைக்க வேண்டும். பி.வி.சி. குழாய் வெயிலில் வலுவிழக்குமாதலின், மொட்டை மாடியில் அதற்கு வண்ணம் பூசி மறைப்பிடுக. வெந்நீர்க்குச் சி.பி.வி.சி. குழாயே ஏற்றது.

முக்கியமானது ஒன்று. பழைய வீடுகள் சிலவற்றில் மின்சார எர்த் கம்பியை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். அக்குழாயை எடுத்துப் பிளாஸ்டிக் குழாய் போட்டால் எர்த் அறுந்துபோகும். அது உயிருக்கே ஆபத்து. எனவே முதலில் எலெக்ட்ரீஷியனைக் கொண்டு தனி எர்த் அமைத்துக்கொள்ள வேண்டும்.

பஞ்சாயத்தின் கடமை

தெருக் குழாயில் நேரே மோட்டார் வைத்து உறிஞ்சினால், குழாயின் உள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் கீழே இறங்கக்கூடும். அப்போது விரிசல்களின் வழியே சாக்கடை நீர் உள்ளே புகும். மஞ்சட்காமாலையும் பேதியும் பரவ இதுவே வழி. அன்றியும், கடைசி வீட்டுக்குரிய நீரை முதல் வீடு பறித்துக்கொள்வதாகும். ஆயினும் மோட்டாரைப் பறிமுதல் செய்வதால் மட்டும் இது ஒழியாது. குழாயைச் செப்பனிட்டால் மோட்டாருக்குத் தேவையே இராது.

நீர் விடும் வேளையில், தெருவின் கடைக்கோடியில் அழுத்தமானியை வைத்துப் பாருங்கள். மத்திய அரசின் 1999-ஆம் ஆண்டுக் குடிநீர்க் கையேடு, ஒற்றைத் தள வீடுகளுக்கு 7 மீட்டர் நீருயர அழுத்தம் இருத்தல் வேண்டும் என்றது. அஃதாவது சதுர சென்டிமீட்டருக்கு 0.7 கிலோ. எந்தத் தெருவில் அழுத்தம் மிகக் குறைகிறதோ அந்தத் தெருவின் குழாயை முதலில் மாற்றுக. புதுக் குழாயைச் சாக்கடையினின்று விலக்கிப் பதித்து, மண் மூடுமுன் கசிவைச் சோதித்து, குளோரின் இட்டு அலம்பிய பின்னரே நீர் விடுதல் வேண்டும். வால்வுகள் இருக்குமிடத்தை வரைபடமாக எழுதி அலுவலகத்தில் வைத்தால், அடுத்துவரும் அங்கத்தினர்களுக்கும் அது பயன்படும்.

புதுத் தொட்டி ஊரார் கண்ணுக்குத் தெரியும். மண்ணுக்குள் பதித்த புதுக் குழாய் தெரியாது. ஆயினும் கடைக்கோடி வீட்டுக் குடம் விரைவில் நிரம்பும்போது அதன் பயன் விளங்கும். ஆகவே அடுத்த கூட்டத்தில் தொட்டிக்குத் தீர்மானம் எழுதுமுன், ஒரு வாளியையும் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு தெருவின் கடைசி வீட்டுக்குச் சென்று வாருங்கள்.